தரகர் வராத நாடகம்

போன கிழமை கழுத்தில் ஒரு அரிப்பு. மருந்துக்கடைக்காரர் ஒரு வெள்ளைக் களிம்பு தந்தார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததுதான் தாமதம், அரிப்பை மறந்து அறைக்கும் முற்றத்துக்குமாக நடக்கத் தொடங்கிவிட்டேன். "என்ன, இரிப்புக் கொள்ளாம நடக்கிறீங்க? மருந்தப் பூசுங்களேன்" என்றாள் மனைவி. பூச முடியவில்லை. அந்த மணம் அப்படி.

துத்தநாகப் பவுடரைத் தேங்காயெண்ணெயில் குழைத்தால் வருகிற மணம் அது. எழுபதுகளின் கடைசியில் அதைத்தான் முகம் முழுக்க அப்பிக்கொண்டு, தலையில் சாறி முந்தானையோடு, மேடையில் மணப்பெண்ணாக நான் உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள். கல்முனையில் ஒரு கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதப் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். மீசை ஒழுங்காக முளைக்கவில்லை என்ற ஒரே தகுதியில் அந்த வேடம் கிடைத்தது. பிறகு எனக்குப் பெண் பேசியபோது மாமனார் கேட்ட முதல் கேள்வியே, "நாடகத்துல பொம்புளையா வாற புள்ளதானே இவரு?" என்பதுதான்.

அந்த வேடத்தை எனக்குத் தந்தவர் லாபிர் காக்கா. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்; மூத்தவர் எல்லாரும் எங்களுக்குக் காக்காதான். சொந்தம் ஒன்றும் இல்லை. அக்கரைப்பற்று பஸ்ஸில் கொண்டக்டர். ஒல்லியான ஆள், ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவர். அவர் உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. வசனங்கள் எல்லாம் பஸ்ஸில்தான் பிறந்தன. ஆலையடிவேம்பிலிருந்து வெற்றிலைக் கூடையோடு வருகிற அக்கா, சாய்ந்தமருதில் ஏறுகிற மீன்காரர், சேலை மூட்டையோடு மருதமுனைக்குத் திரும்புகிற நெசவுக்காரர் என்று எல்லோரிடமும் வாயைக் கொடுப்பார். ஒரு பகிடியை முன்கதவில் சொல்லிப் பார்ப்பார். பின்சீட்டு வரை சிரித்தால் அது நாடகத்துக்குள் போகும். சிரிக்காவிட்டால், "சரி, இது செத்துப் பெய்த்து" என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கட்டைக் கிழிப்பார்.

அவருடைய பெயர்போன நாடகம் ஒரு கல்யாணத் தரகரைப் பற்றியது. ஒரே மாப்பிள்ளையை மூன்று வீட்டுக்குப் பேசி முடித்துவிட்டு ஓடித் திரிகிற தரகர். அந்தத் தரகராக வந்தவன் சவிரியான். சொறிக்கல்முனையில் வயல் செய்கிற வேதக்காரத் தமிழ்ப் பிள்ளை, கிறிஸ்தவன். தொப்பியைப் போட்டுக்கொண்டு "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அவன் மேடைக்கு வந்து நின்றாலே சனம் சிரிக்கத் தொடங்கிவிடும். எங்களில் எவனும் அவனைப் போல் முஸ்லிம் தரகராக நடிக்கவில்லை. அதை எங்கள் பள்ளிவாசல் மரைக்காயரே சொன்னார்.

அந்த நாடகத்தைப் பார்த்த கொழும்பு முதலாளி ஒருவர் அதைப் படமாக்கப் போவதாகச் சொன்னார். லாபிர் காக்கா லீவு போட்டுவிட்டுத் திரைக்கதை எழுதப் போனார். நாங்கள் எல்லோரும் சினிமாக்காரர் ஆகிவிட்ட மாதிரி நடந்து திரிந்தோம். படத்தில் எங்களில் ஒருவருக்கும் இடமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. காக்கா இடையில் ஒருமுறை ஊருக்கு வந்தபோது முகம் சரியில்லை.

"இந்தப் பாசை வெளியில விளங்காதாம். 'ஓம்' எண்டதெல்லாம் 'ஆமாங்க' எண்டு மாத்தச் சொல்றானுகள்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பேரு வரட்டும் எண்டு மாத்திக் குடுத்தன்."

படம் கல்முனைத் தியேட்டருக்கு வந்த நாள் ஊரே திரண்டு போனது. திரையில் பெரிய எழுத்தில் அவர் பெயர் வந்தபோது விசிலடித்தோம். அதோடு சரி. எங்கள் ஊர் மாமி ஒருத்தி திரையில் மதராஸ்காரி மாதிரிக் கதைத்தாள். பஸ்ஸைக் குலுக்கிய பகிடிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன, ஒருவரும் எடுக்கவில்லை. யாரோ இருமியது கூடக் கேட்டது. இடைவேளையில் பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன், காக்கா இல்லை. கடற்கரையில் தோணிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். நானும் சவிரியானும் பின்னால் போனோம்.

"என்ட ஆக்கள எனக்கே விளங்கல்லடா" என்றார்.

சவிரியான் எட்டி நடந்து அவருக்குப் பக்கத்தில் வந்தான். பிறகு, "காக்கா, வாற மாசம் நம்மட தரகர நம்மட பாசையிலயே போடுவம்" என்றான். போட்டோம். மண்டபம் கொள்ளவில்லை. காக்கா பழையபடி பஸ்ஸில் ஏறி, கொழும்பையே ஒரு பகிடியாக்கிவிட்டார்.

பிறகு எண்பத்தைந்து வந்தது. முஸ்லிம்களான எங்களுக்கும் தமிழருக்கும் நடுவில் நெருப்பு. யார் தொடங்கியது என்பதற்கு இன்றைக்கும் இரண்டு கதை இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. வீடுகள் எரிந்தன, வீதிகள் மூடின. சொறிக்கல்முனைப் பக்கமிருந்து ஒரு சேதியும் இல்லை. சவிரியான் இருக்கிறானா என்பதே தெரியாது. வீடிழந்த குடும்பங்கள் நாங்கள் நாடகம் போடுகிற மண்டபத்தில் தங்கியிருந்தன. அந்தச் சனத்தைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். தரகர் வேடத்துக்கு என்னைப் போடலாம் என்றார்கள். அப்போது எனக்கு மீசையும் இருந்தது.

லாபிர் காக்கா விடவில்லை. "அவன்ட இடத்துக்கு வேற ஆளப் போட்டா, அவன் மௌத்தாகி அடக்கிட்ட மாதிரி. போடமாட்டன்."

தரகர் இல்லாமலே நாடகத்தை மாற்றினார். மூன்று வீட்டாரும் தரகருக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நடுவில் ஒரு வெறுங்கதிரை.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து தொடங்கினோம். "தரகர் எங்க?" "வயலுக்க நிக்காராம், கால் கழுவிற்று வாறாராம்." சனம் சிரித்தது. அடுத்த வீட்டில், "தரகர் எங்க?" "சைக்கிள் காத்துப் பெய்த்தாம்." அதற்கும் சிரித்தார்கள். அடுத்த காட்சியில் நான் அதே கேள்வியைக் கேட்டேன். சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கதிரையில் இருக்க வேண்டியவன் யார் என்று எல்லோருக்கும் தெரியுமே. பதில் சொல்ல வேண்டியவனும் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது பெண்கள் இருந்த சீலை மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மனே, அந்தப் புள்ள உசிரோட, ஹயாத்தோட இரிக்கானா?"

லாபிர் காக்கா ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"தெரியா உம்மா. நாளைக்குப் போய்ப் பாத்திட்டு வந்து சொல்றன்."

நாடகம் அதோடு முடிந்தது. அடுத்த நாள் காலையில் அவர் சைக்கிளில் புறப்பட்டார். மறித்தவர்களின் பேச்சைக் கேட்கவில்லை. சம்மாந்துறை வரை போனதைக் கண்டவர்கள் உண்டு. அங்கால் ஒன்றும் தெரியாது. நாங்கள் பஸ் நிலையத்துக்கும் மண்டபத்துக்குமாக அலைந்தோம். அவருடைய பெண்சாதி சோறு ஆக்கவில்லை. வெயில் சாய்ந்த பிறகு, சைக்கிள் கரியரில் ஒரு வெள்ளரிப்பழத்தைக் கட்டிக்கொண்டு மண்டபத்து வாசலில் வந்து இறங்கினார்.

"இரிக்கான். வேலிக்குப் பின்னால ஒளிச்சி நிண்டு என்னப் பாத்தான். பொறகுதான் வந்து கட்டிப் புடிச்சான்."

"என்ன கேட்டான்?"

"நாடகம் போட்டத்தச் சொன்னன். சனம் சிரிச்சிச்சா எண்டு கேட்டான். முதல்ல சிரிச்சாங்க, மறுகா உன்னக் கேட்டாங்க எண்டன்." வெள்ளரிப்பழத்தை அவிழ்த்து என் கையில் தந்தார். மண்டபத்துக்குள் போய், சீலை மறைப்பின் முன்னால் நின்று, "உம்மா, இரிக்கான்" என்று மட்டும் சொன்னார். உள்ளே யாரோ அழுதார்கள்.

அந்தக் குழு பிறகு கூடவில்லை. லாபிர் காக்கா வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போனார். அங்கிருந்து வந்தவர்கள் அவர் பகிடி விடுவதில்லை என்று சொன்னார்கள். அங்கேயே மௌத்தானார். சவிரியான் குடும்பம் அடுத்த சண்டையில் இடம்பெயர்ந்தது. எங்கே என்று சொல்ல ஆளில்லை. மண்டபம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. சுனாமி அதைக் கொண்டுபோய்விட்டது.

மறைப்புக்குப் பின்னாலிருந்து கேட்டது யார் என்று நான் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் உம்மாதான், எங்கள் மாமிதான் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லோரும் உண்மையாகவே நம்பிச் சொல்கிறார்கள். நானும் ஒவ்வொரு வீட்டிலும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். அவர்கள் சொல்கிற பெண்களில் ஒருவர் கூட இப்போது ஹயாத்தோடு இல்லை.