மணமானவர்கள் மட்டும்

ஒரு வாரத்துக்கு முன் நான் ஒரு சட்டம் எழுதினேன். அது பத்து நிமிஷம்கூட உயிரோடு இருக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றத்துக்கு நான் செயலாளர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன். அதனால் எதை எழுதுவதென்றாலும் பேனா என் கைக்கு வந்துவிடும். இந்தத் தடவை வந்த வேலை — ஓர் ஆளை வெளியேற்ற வேண்டும். காரணத்தைச் சொல்லாமல்!

அந்த ஆள் அருளப்பன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்; அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பக்கத்து டவுன் ஹட்டனில் ஒரு கடையில் கிளார்க். ஞாயிறுதோறும் வட்டவளையில் ரயிலை விட்டு இறங்கி, மேடேறி வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித் தருகிறார். மூன்று வருஷமாக. சம்பளம் கிடையாது.

மன்றத் தலைவர் ராமையா அண்ணனுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் தன் தங்கச்சி மகளைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பார்கள். அருளப்பன் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"என் மனசு ஆம்பளைங்க பக்கம்தாங்க போகுது. சின்ன வயசிலேருந்தே அப்படித்தான். ஒங்க பொண்ணை ஏமாத்த மாட்டேன்."

அவ்வளவுதான். அவசரக் கூட்டம்.

"புள்ளைங்க இருக்கிற எடம்..." என்றார் தலைவர். மேலே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான். அப்போது எனக்கு ஒரு யோசனை. தோட்டத்தில் கல்யாணம் கட்டினால்தானே லயத்து வரிசை வீட்டில் தனியாக ஒரு காம்பிரா, ஓர் அறை, தருகிறார்கள்? அதே மாதிரி எழுதினேன் — 'மணமானவர்கள் மட்டுமே மன்றத்தில் தொண்டு செய்யலாம்.' யார் மனமும் நோகாது பாருங்கள்!

வாசித்துக் காட்டினேன். கமிட்டியில் இருக்கும் பாக்கியம் அக்கா — கொழுந்து பறிப்பவர், இரண்டு மகன்களும் டீமில் — கையைத் தூக்கினார்.

"அப்ப தம்பி, நீ எப்ப வெளிய போற?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சட்டம் எழுதுகிறவனுக்கு அது எப்படி மறந்தது?

அக்கா சிரிக்கவில்லை. "முன்னாடி சொல்லிக்குடுத்தவரு பெல்ட்டக் கழட்டி எம்பயல அடிச்சாரே... அவருக்குப் பொண்டாட்டி, மூணு புள்ள. அவர வரச் சொல்லுவமா?"

"அது வேற, இது வேற பாக்கியம்" என்றார் தலைவர்.

"என்னண்ணே வேற? இந்த மனுசன் பொய் சொல்லி நம்ம புள்ளையக் கட்டியிருந்தா, மாலை போட்டு மருமகனேன்னு கூப்பிட்டிருப்பீங்க. நெசத்தச் சொன்னதுக்கா தொரத்துறீங்க? மூணு வருசத்துல ஒரு புள்ளகிட்ட தப்பா ஒரு வார்த்தை பேசியிருக்காரா?"

நான் என் தாளைப் பார்த்தேன்.

பிள்ளைகளைப் பற்றிய பயம் நியாயமானது. அதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். ஆனால் ஒருவர் யாரை விரும்புகிறார் என்று பார்த்தால் அந்தப் பயம் தீருமா? பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்றல்லவா பார்க்க வேண்டும்?

தாளைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன் — பயிற்சி நடக்கும்போது பெரியவர்கள் இரண்டு பேர் மைதானத்தில் இருக்க வேண்டும். சொல்லித் தருவது யாராக இருந்தாலும் சரி.

கமிட்டியின் ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். தலைவர் தூக்கவில்லை. ஆனால் முதல் வாரக் காவலுக்குத் தன் பெயரைக் கொடுத்தார்... சந்தேகத்தோடுதான்.

போன ஞாயிறு அருளப்பனிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன், என் பத்து நிமிஷச் சட்டம் உட்பட. வலைக் கயிற்றை இழுத்துக் கட்டினார். பிறகு, "ரெண்டாவது சட்டம் நல்ல சட்டம் தம்பி. நான் வந்த அன்னிக்கே இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

தலைவர் தூரத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தார். யாரோ ஓங்கி அடித்த பந்து அவரைத் தாண்டித் தேயிலைக்குள் உருண்டது. அவரே இறங்கிப் போய் எடுத்து வந்தார். வலது காலில் ரத்தம் குடிக்கும் அட்டைப் பூச்சி இரண்டு!

அருளப்பன் ஓடினார். பாக்கியம் அக்காவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு வாங்கினார். குனிந்து உட்கார்ந்து, அந்தக் காலைப் பிடித்து, அட்டை கழன்று விழச் சுண்ணாம்பைத் தடவினார்.

தலைவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.