கார் பார்க்கில் கிடைத்த அரசன்

இன்று பிளாக்டவுன் பஸ்ஸில் ஒரு பழைய வீடியோ பார்த்துக்கொண்டு வந்தேன். ஐந்நூறு வருடங்களுக்கு முன் போரில் இறந்த இங்கிலாந்து அரசனின் எலும்புகளை ஒரு கார் பார்க்கில் தோண்டியெடுத்து, அரச மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்கிறார்கள்.

பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அன்ரியும் எட்டிப் பார்த்தார்.

"அவர்தான் எண்டு என்னெண்டு கண்டுபிடிச்சவை?"

"அவரோட அக்கா வழியில வந்தவங்க டிஎன்ஏவை வச்சுதான், அன்ரி."

அவர் முழங்கையின் உட்புறத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நானும் ஒருத்தனுக்கு அக்காதான். கடைசிச் சண்டையில காணாமப் போனவன். என்ர ரத்தத்தை இப்பவே எடுத்து வைக்க ஏலுமோ? அங்க அவை புதைகுழியளைத் தோண்டுற நேரம் நான் இருக்கமாட்டன்."

"விசாரிச்சுச் சொல்றேன் அன்ரி" என்று நம்பர் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இணையத்தில் தேடுகிறேன். அரசர்கள்தான் வருகிறார்கள். உங்களில் யாருக்காவது தெரியுமா?