சாதத்தை நிறுத்திய மாதம்

போன மாதம் என் டாக்டர் எனக்கு ஒரு கெடு வைத்தார். ரத்தத்தில் சர்க்கரை பார்டரில் நிற்கிறதாம். ஒரு மாதத்தில் இறங்கினால் தப்பித்தேன். இறங்காவிட்டால் மாத்திரை... ஆயுசு முழுக்க.

"பெரிசா ஒண்ணும் வேண்டாம் சார். ராத்திரி சாதத்தை நிறுத்துங்க. ஆபீஸ் போறப்போ கொஞ்ச தூரமாவது நடங்க. அவ்வளவுதான்" என்றார்.

பயந்துபோனேன். ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்? என் அண்ணாவுக்கு இந்தச் சர்க்கரையில்தான் கால் விரல் ஒன்று போயிற்று. அவரும் முதலில் 'பார்டர்தானே' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான்.

எனவே அன்றைக்கே வீட்டில் அறிவித்தேன் — இனி ராத்திரி எனக்குச் சாதம் கிடையாது! மறுநாள் ஆபீசில் அறிவித்தேன். காய்கறிக்காரரிடம் சொன்னேன். எதிர் வீட்டுக்காரரை நிறுத்திவைத்துச் சொன்னேன். ஒரு மனிதன் தன் உடம்பைக் கவனிக்க ஆரம்பித்தால் அது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

என் மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அமாவாசை, சஷ்டி, சனிக்கிழமை என்று ராத்திரி சாதம் இல்லாத நாட்களை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்கு டாக்டரா சொல்லித்தர வேண்டும்? இருக்கவே இருக்கிறது பலகாரம்.

முதல் நாள் இட்லி. மறுநாள் தேங்காய் சேவை. அப்புறம் அடை, மேலே ஒரு உருண்டை வெண்ணெய். ஒரு நாள் அரிசி உப்புமாவும் கத்திரிக்காய் கொத்சும். சாதமா? மூச்! ஒரு பருக்கை கிடையாது. எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. அரிசியை முழுசாக வேகவைத்தால் சாதம். அரைத்தோ உடைத்தோ வேகவைத்தால் விரதம். நான் தினமும் இரண்டு தட்டு விரதம் இருந்துவிட்டு, தியாகம் செய்த களைப்பில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சரி, நடை?

ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு லஸ் வரை நடப்பது. அங்கே பஸ் பிடித்து, பனகல் பார்க்கில் இறங்கி, பாண்டி பஜாரில் இருக்கும் ஆபீஸ் வரை மறுபடி நடப்பது. டைரியில் எழுதிப் பார்த்தபோது பிரமாதமாகத்தான் இருந்தது.

ஆனால் மயிலாப்பூரில் ஆபீஸ் நேரத்தில் ஒருவன் சும்மா நடந்துவிட முடியுமா? நடந்தால் வண்டி ரிப்பேர் என்று அர்த்தம். ரிப்பேர் ஆசாமியைப் பார்த்தும் நிற்காமல் போவது எங்கள் பேட்டையில் மகா பாவம்.

முதல் நாளே மாடவீதியில் ஒரு ஸ்கூட்டர் என்னை உரசிக்கொண்டு நின்றது. பாங்கில் வேலை பார்க்கும் நண்பர்.

"என்ன சார், வண்டி மக்கர் பண்றதா? ஏறுங்கோ!"

"இல்லே, நடக்கலாம்னுதான்..."

"என்ன சார் கூச்சம்? நாம என்ன அந்நியமா? ஏறுங்கோ!"

பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடித்தன. ஏறிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஒரு ஆட்டோ. எங்கள் தெருக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர்.

"இன்னா சார், நடந்துகினு போறே? குந்து சார். நானும் டி.நகர்தான் போய்க்கினு கீறேன்."

"இல்லைப்பா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்."

"ஒடம்பு வேற சரியில்லியா? அப்போ நடக்கவே கூடாது. குந்து!"

குந்தினேன்.

இப்படியே மாதம் ஓடிவிட்டது. அந்த மாதத்தில் நான் நிஜமாக நடந்தது ஒரே ஒரு நாள், ரங்கநாதன் தெருவில். அதுகூட நான் நடக்கவில்லை, கூட்டம் தள்ளிக்கொண்டு போயிற்று.

போன வாரம் கெடு முடிந்தது. சாட்சி சொல்ல மனைவியையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டைப் பிரித்தார். சர்க்கரை ஏறியிருந்தது.

"லேப்ல ஏதோ தப்பு பண்ணியிருக்கான்" என்றேன்.

"ஆமா டாக்டர். ஆத்துல இவருக்கு ராத்திரி ஒரு பருக்கை சாதம் போடலை, சத்தியமா!" என்றாள் மனைவி.

"வேற என்ன போட்டீங்க?"

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கொத்சில் பாசிப்பருப்பு போட்டது வரைக்கும் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏம்மா, இதெல்லாம் எதுல பண்றீங்க?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருமே பட்டதாரிகள்!

எனக்கு மாத்திரை எழுதினார். பிறகு மேஜை மேலிருந்த ஒரு சின்ன மெஷினைத் தட்டிக் காட்டினார். விரலில் குத்தினால் ஒரு நிமிஷத்தில் சர்க்கரை அளவைச் சொல்லிவிடுமாம். புதுசு. புதுசாக ஒன்றை வாங்கிவிட்டு யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியுமா?

"வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் விரலைக் காட்டுங்கம்மா."

"எனக்கெதுக்கு டாக்டர்? எனக்கு ஒண்ணுமில்லே" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

மெஷினைப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். என்னுடையதைவிட ரொம்ப அதிகம்.

"இது இன்னிக்கு நேத்து வந்ததில்லைம்மா. அசதியா இருக்குமே? தாகம் எடுக்குமே?"

"இருக்கும்... வேலை ஜாஸ்தி, அதனாலன்னு நெனச்சுண்டேன்."

"ராத்திரி என்ன சாப்பிடறீங்க?"

"கார்த்தால வடிச்ச சாதம்தான். இத்தனை வருஷப் பழக்கம், இவர் பங்கைக் குறைச்சு வைக்கக் கை வரலை. வீணாப் போகப்படாதேன்னு அதையும் சேர்த்து நானே சாப்பிட்டுடுவேன். மிஞ்சின பலகாரம் வேற இருக்குமோல்லியோ..."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாக ஊர் முழுக்க என் சர்க்கரையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நான் நிறுத்திய சாதம் எங்கே போகிறது என்று ஒரு நாள் கேட்டேனா? நிஜமாகவே அவமானமாக இருந்தது.

டாக்டர் அவள் பெயரில் புதுச் சீட்டு ஒன்று எடுத்தார்.

"ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்கம்மா?"

அவள் வழக்கம்போல் என்னைப் பார்த்தாள். வெளியிடங்களில் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறவன் நான்தானே. நானும் கம்பீரமாக வாயைத் திறந்தேன். ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருஷம்... எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் நான் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பேன்.