அரை லிட்டரும் ஒரு தோட்டமும்

அப்பாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். காலையில் அம்மா அதைச் சின்ன பாட்டிலில் பிடித்து மேசைமேல் வைத்துவிடுவார். தேநீர், ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாமே அந்தக் கணக்குக்குள்தான். இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன. குடிக்கும் தண்ணீர் தானாக வெளியேற வழியில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்தில் மெஷின்தான் அதை எடுக்க வேண்டும். நடுவில் கூடுதலாகக் குடித்தால் அது நுரையீரலில் போய்த் தேங்கும், மூச்சு விட முடியாது. இதையெல்லாம் அங்கே நாங்கள் மிஸி என்று கூப்பிடும் நர்ஸ் எனக்கு மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். நான் தமிழில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் "குடிக்காதீங்க", "சாப்பிடாதீங்க" என்று சொல்கிற வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது.

அந்த அரை லிட்டர் மனிதர்தான் தினமும் தோட்டத்துக்கு ஒரு தோங் பீப்பாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

டத்தோ கிராமட் பக்கம் எங்கள் வாடகை வீடு. சமையலறைக் கதவைத் திறந்தால் பின்சந்துச் சுவர் வரைக்கும் ஒரு துண்டு மண். அப்பா மாக் மண்டினில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அதில் கறிவேப்பிலையும் வாசனைக்குப் போடும் பாண்டானும் மட்டும்தான் இருந்தன. நோய் வந்து வேலையை விட்டபிறகுதான் அது தோட்டமானது. கத்தரி, வெண்டை, தக்காளி, முருங்கை, கம்பிப் பந்தலில் பாகல். சுவரோரமாகச் சாமிக்குச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும்.

அங்கே விளைந்ததில் பாதிக்கு மேல் அவர் சாப்பிடக் கூடாதது. முருங்கைக் கீரையில் பொட்டாசியம். தக்காளியும் வேண்டாம் என்றார்கள். எங்கள் தட்டில் அப்பா வளர்த்த கீரை இருக்கும். அவர் தட்டில் பாசார் சந்தையில் வாங்கி, ஊறவைத்து, வேகவைத்து, வடித்துக் கொட்டிய முட்டைக்கோஸ் இருக்கும். அப்பா நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"நல்லா இருக்குன்னா? இளசா, முத்தலா? கசக்குதா? படிச்ச புள்ள, ஒரு கீரையச் சொல்லத் தெரியல."

பாகல் பிஞ்சு விட்டதும் ஈ கொட்டாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பழைய தமிழ்ப் பேப்பரைச் சுருட்டி உறை மாட்டுவார். அவருக்கு எழுத்து தெரியாது. மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "இவன் என்ன படிக்கிறான், பாரு" என்பார். நான் தலைப்பை வாசித்துக் காட்டுவேன். "உனக்கு அப்புறம் இந்த வீட்டுல பேப்பர் படிக்கிறது பாகக்காய்தான்லா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்த வருடம் வெயில் நீண்டுவிட்டது. தைப்பூசம் போய், சீனப் பெருநாளும் போய், மழை மட்டும் வரவில்லை. மாலையில் ஃபெர்ரியில் திரும்பும்போது எதிரே தெரியும் மலை பழுப்பாக இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் என் ஆபீசில் நாள் முழுக்க ஏர்கோன். அதனால் வீட்டுக் கூரைக்குக் கீழே அப்பா எப்படி அந்தப் பகலைக் கழிக்கிறார் என்று எனக்குச் சரியாகத் தெரிந்ததில்லை. வெண்டை இலைகள் மத்தியானத்தில் தொங்கிப் போகும் என்று மட்டும் சொல்வார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஊற்றியும் போதவில்லை. உச்சி வெயிலிலும் ரப்பர் குழாயைப் பிடிக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் விடியும்போது அம்மா என் அறைக் கதவைத் தட்டினார். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படுக்க முடியவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது, இரண்டு நாளில் ஏறக் கூடாத அளவு ஏறியிருந்தது. ஏறியது முழுக்கத் தண்ணீர். மேசையில் இருந்த பாட்டிலில் பாதி அப்படியே இருந்ததை அம்மா பார்த்திருக்கிறார். அப்படியானால் வேறெங்கே குடித்தார் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே அம்மா ரப்பர் குழாயைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடு. இந்தச் செடிதான் அந்த மனுசன முடிக்கப் போவுது."

"செடி என்னம்மா பண்ணுச்சு? அது இல்லன்னா அவருக்கு என்ன இருக்கு? ஒரு பிடிப்பு வேணும்மா. நான் படிச்சேன், இந்த மாதிரி நோயாளிங்களுக்கு மனசுக்கு ஒரு வேலை இருந்தாத்தான் உடம்பும் கேட்கும்."

"எங்க படிச்ச?"

"இன்டர்நெட்ல."

அம்மா அலமாரியிலிருந்து சாவியை உருவினார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். என் படிப்பின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஓர் ஏற்பாடு செய்தேன். தண்ணீரை இனி நான் ஊற்றுவேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். குழாய் அவர் கைக்குப் போகாது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தநாளங்களை இணைத்துவைத்த இடது கையால் அவர் வாளி தூக்கவே கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஒன்றும் மறுக்கவில்லை.

தினமும் வேலைவிட்டு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைப் பாகல் பந்தலுக்குப் பக்கத்தில் போடுவேன். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று. அவருக்குக் காட்டுவதற்காகவே மெதுவாக, ஒவ்வொரு செடிக்கும் நின்று ஊற்றுவேன். காய்ந்த மண்ணில் தண்ணீர் விழுந்ததும் எழும்புகிற வாசனை எனக்குப் பிடிக்கும். அவருக்கும் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாட்களில் அதிகாரம் பண்ணினார். "வேர்ல ஊத்துடா, இலைக்கு என்ன குளிப்பாட்டுறியா?" "கத்தரிக்குப் போதும், அவன் குடிகாரன், கேட்டுக்கிட்டேதான் இருப்பான்." அப்புறம் பேச்சு குறைந்தது. கைவிரல்களை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உதட்டை நாக்கால் தடவிக்கொள்வார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எடை மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு தடவையும் மிஸி என்னைத் தனியே அழைத்து, "அங்கிள் இன்னும் குடிக்கிறார்" என்பார். குழாயைப் பூட்டியாயிற்று. ஆனால் வீட்டில் குளியலறை இருக்கிறது, சமையலறை இருக்கிறது. எதை எதைப் பூட்டுவது?

ஒரு சனிக்கிழமை மாலை. வெண்டைக்கு முடித்து, பாகலுக்குக் குழாயைத் திருப்பினேன். அப்பா சொன்னார்:

"தம்பி, அத நிறுத்து."

நிறுத்தினேன்.

"இத எல்லாம் எடுத்துடுய்யா."

"எதப்பா?"

"செடிய. கத்தரி, வெண்டை, பந்தல், எல்லாம்."

"ஏம்ப்பா, நான் சரியா ஊத்தலியா?"

"நீ நல்லாத்தான் ஊத்துற." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ ஊத்துறப்ப அந்தச் சத்தம் கேக்குது பாரு, எனக்கு நாக்கு உள்ளே இழுத்துக்குது. மண்ணு உறிஞ்சுறதப் பாத்தா, மண்ணா இருந்திருக்கலாமேன்னு தோணுது. நீ குளிக்கப் போனதும் நான் உள்ள போயி ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுதான் வர்றேன். நானே பிடிச்சு ஊத்துனப்ப இப்படி இல்ல. வேலை செய்யிறவனுக்குத் தாகம் வந்தாலும் கை ஓடிக்கிட்டே இருக்கும். சும்மா உக்காந்து பாக்க முடியல."

"அப்ப நாற்காலிய உள்ள போடுறேன். நீங்க பாக்க வேணாம்."

"சத்தம் உள்ளயும் கேக்கும்டா."

கதவருகே நின்றிருந்த அம்மா, பிடுங்கிப் போடச் சொன்ன அதே அம்மா, சொன்னார்: "வேணாங்க. பூத்து நிக்கிறத யாராவது பிடுங்குவாங்களா? காய் முடியட்டும்."

"காய் முடியிற வரைக்கும் நான் இருக்கணும்ல."

பிறகு அம்மா, "சாமிக்குப் பூ?" என்றார்.

"பூச்செடி இருக்கட்டும். நான் மெஷினுக்குப் போற அன்னைக்கு ஊத்துங்க."

மறுநாள் பிடுங்கினேன். அப்பா நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டார். பாகலை அவர் சொன்னபடி கீழேயிருந்து அறுத்து, கொடியைக் கம்பியிலிருந்து பிரித்தேன். உறைக்குள் இருந்த பிஞ்சுகளை என்ன செய்வது என்று கேட்டேன். "பேப்பரை எடுத்துட்டுப் போடு" என்றார். கத்தரிக்கு வேர் ஆழமாக இருந்தது. இழுத்தபோது வரவில்லை. "ஆட்டி ஆட்டி இழு. வேரோட வரும்." வந்தது, ஊதாப்பூ இரண்டோடு. நான் தயங்கினேன். "அதையும்" என்றார். முருங்கைக்குப் பாராங் கத்தி எடுக்க வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. குப்பையைக் கருப்புப் பைகளில் கட்டி முன்வாசலில் வைத்தேன். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மா எட்டிப் பார்த்து, புதிதாக என்ன நடப்போகிறோம் என்று மலாயில் கேட்டார். இன்னும் முடிவு பண்ணவில்லை என்று சொன்னேன்.

மாலை ஆனதும் அப்பா வானொலியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். பாட்டிலில் இருந்த தண்ணீரை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தார். சமையலறைப் பக்கம் போகவில்லை. நான் போகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். எடை மெஷினில் ஏறி நின்றார். மிஸி எண்ணைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை ஏறச் சொன்னார். அதே எண். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அளவுக்குள் இருந்தது.

"பாகுஸ் லா அங்கிள்!" என்று மலாயில் பாராட்டிக் கைதட்டினார். மற்ற நோயாளிகள் பக்கம் திரும்பி, எல்லாரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். "எப்படிச் செஞ்சீங்க, சொல்லுங்க."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே மலாயில் சொன்னார்: "ஒண்ணுமில்ல, மிஸி. வீட்டுல எனக்கு இப்ப வேலை இல்ல."

"அது நல்லது. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு, மிஸி ஊசி உறையைப் பிரித்தார்.