இருபத்தாறு எபிசோடும் ஓர் ஆரஞ்சு ஜாக்கெட்டும்

'ஏழு அலைத் தீவு' கார்ட்டூன் தொடரைப் பார்க்கலாமா என்று பொன்னுரங்கம் மாமாவிடம் யாராவது கேட்டால் காறித் துப்புவார். ஒரு எபிசோடு பார்த்துவிட்டுத் துப்புகிற ஆள் இல்லை அவர். இருபத்தாறையும் பார்த்துவிட்டுத் துப்புகிறவர். அதனால் அந்தத் துப்பலுக்கு ஒரு மரியாதை உண்டு.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். பதினாலு வயதில் கடலில் கால் வைத்தவருக்கு இப்போது நாற்பத்தைந்து. சுனாமிக்குப் பிறகு கிடைத்த எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் இருக்கிறார். மாடிப்படி அவருக்கு ஆகாது. கம்பெனிப் புகை ஆகாது. குழாய்த் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் வஞ்சிர மீன் வறுவலை மூக்கருகில் கொண்டுபோய், "நாலு நாள் ஐஸ்ல கெடந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்தே போய்விட்டார். பெண் வீட்டுக்காரர்கள் தேடிவந்து சண்டை போட்டார்கள். நாலு நாள் இல்லை, அஞ்சு நாள் என்று சமையல்காரர் பிறகு ஒத்துக்கொண்டார். மாமாவின் மூக்கு அப்படி. அதற்குத் தப்பி எங்கள் வீட்டில் ஒரு பொய்கூட நிற்காது.

அவருக்கு ஒரே மகள், ஜோதிகா, ஒன்பது வயது. அவள் பிறந்தபோது மாமா காணாமல் போயிருந்தார். ஆந்திரா பக்கம் எஞ்சின் நின்றுபோய், புயலில் வயர்லெஸ்ஸும் செத்து, படகு போன திசை யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது நாள் குப்பம்மா அத்தைக்கு வலி எடுத்தது. ஐந்தாவது நாள் வேறொரு படகு இவர்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அத்தை இந்தக் கதையை மீன் விற்கும் இடத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கும் காது இருக்கிறது என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

இந்த வருடம் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். மாமா மாதிரி ஆட்கள் காலையில் போய் வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மத்தியானம் வீட்டுக்கு வந்து எல்லாரையும் கடுப்பேற்றுவார்கள். பள்ளிக்கூடமும் லீவு. அப்பாவும் மகளும் ஒரே டிவியைப் பார்த்து முறைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் பத்தாவதோடு நின்றவன், எனக்கு வருடம் முழுக்க லீவு. பாவம் என்று ஒரு பென் டிரைவில் இந்தத் தொடரை ஏற்றிக்கொண்டு போய்ச் செருகினேன். வம்பு அங்கே ஆரம்பித்தது.

கதை இதுதான். தாரா என்று ஒரு பெண். அவளுடைய அப்பா மீனவர். முதல் எபிசோடிலேயே நிலா முத்து தேடித் தனியாகக் கடலுக்குப் போகிறார், திரும்பி வரவில்லை. பேசும் கணவாய் மீன் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு தாரா அப்பாவைத் தேடித் தீவு தீவாகப் போகிறாள். கணவாய் புத்தி சொல்லும், அழும், எபிசோடுக்கு ஒரு பாட்டுப் பாடும்.

ஜோதிகா பரண்மேல் இருந்த லைஃப் ஜாக்கெட் மூட்டையிலிருந்து ஒன்றை உருவி, தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் படுத்துத்தான் பார்ப்பாள். அது நல்ல மெத்தென்ற ஆரஞ்சு தலையணை. பதினைந்து நாளில் அதில் அவளுடைய தேங்காய் எண்ணெய் ஊறி ஒரு பக்கம் கறுத்துவிட்டது. மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு திட்டுவார்.

அவர் திட்டியதில் ஒன்றுகூடத் தப்பில்லை. பாய் முன்னால் உப்பிக்கொண்டு நிற்கிறது, அதே கம்பத்தில் கட்டிய கொடி பின்னால் பறக்கிறது. ஒரே படகில் ரெண்டு காற்று. மீனெல்லாம் கண்ணை மூடி மூடித் திறக்கிறது. மீனுக்கு இமை ஏது? நங்கூரக் கயிற்றை அந்தப் பெண் ரிப்பன் மாதிரிப் பூ முடிச்சுப் போடுகிறாள். ஒரு மாதம் கடலில் இருந்தும் ஒருத்தரும் வாந்தி எடுக்கவில்லை, ஒருத்தர் கையிலும் கயிறு அறுத்த காயம் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதைச் செய்தவர்கள் கடலை வாட்டர் பாட்டிலில்தான் பார்த்திருக்கிறார்கள் என்றார். கணவாய் அழுத அன்றைக்கு அவருக்குக் குமட்டியே விட்டது. எழுந்து போய்க் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

எதற்கு இந்தக் கருமத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். தான் பார்க்கவில்லை என்றும், டிவி எதிரே தன் சுவர் இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் மூன்று மணிக்கு முடியும் வலை வேலை இரண்டு மணிக்கே முடிய ஆரம்பித்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். மாமாவின் போனில் கணவாய்ப் பாட்டை ரிங்டோனாக வைத்துவிட்டேன். படகுத்துறையில் நாற்பது பேர் நடுவில் அது பாடியிருக்கிறது. மாற்றத் தெரியாமல் ஒரு வாரம் அதோடு அலைந்தார். அவருடைய படகில் வேலை செய்யும் உதயா அன்றிலிருந்து அவரைக் கணவாய் என்றே கூப்பிட்டான். இதெல்லாம் பரவாயில்லை. நான் செய்த இன்னொரு வேலைதான் கெட்டது. பத்தாவது எபிசோடு ஓடும்போது ஜோதிகா என்னிடம் குசுகுசுவென்று, தாராவோட அப்பா வருவாரா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நானும் முடிவுவரை பார்த்ததில்லை. கடைசி எபிசோடில் வருவார், மீசை வைத்துக்கொண்டு வருவார் என்று அடித்துவிட்டேன். மீசை என்று சொன்னதால் அவள் நம்பிவிட்டாள்.

ஜூன் பத்தாம் தேதி கடைசி எபிசோடு பார்த்தோம். தீவு மூழ்குகிறது. கணவாய் பாடுகிறது. அப்பாவின் லாந்தர் விளக்கு மட்டும் தண்ணீரில் மிதந்து வருகிறது. தாரா அதைக் கையில் எடுக்கிறாள். அவ்வளவுதான். இரண்டாம் பாகம் அடுத்த வருடம் என்று எழுத்துப் போட்டுவிட்டான். இருபத்தாறு எபிசோடு ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிட்டு இப்படி முடிக்கிறவனை என்ன சொல்வது? எனக்கே வாயில் கசந்தது.

ஜோதிகா அழவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மாமாவின் அடையாள அட்டையைக் காணோம். கடலுக்குப் போகிறவர் அது இல்லாமல் போக முடியாது. தடை முடிய நாலே நாள். வீட்டையே புரட்டிப் போட்டார்கள். அத்தை பெட்டியைக் கவிழ்த்தாள், நான் பீரோவுக்கு அடியில் படுத்தேன். ஜோதிகா நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். மாமா அவள் முன்னால் வந்து குந்தினார்.

"எங்க கீது?"

"தரமாட்டேன். தாரா அப்பா வரட்டும். அப்பால நீ போ."

"அது அடுத்த வருசம்டீ."

"அப்ப அடுத்த வருசம் போ."

அத்தை கையை ஓங்கினாள். மாமா தடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் அவர் அந்த டிவியைப் பார்த்த பார்வையில் டிவி உடையும் என்று நினைத்தேன். பிறகு மகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

படகு புதுப் பெயின்ட் வாசத்தோடு துறையில் கட்டிக் கிடந்தது. ஜோதிகாவைத் தூக்கி உள்ளே நிறுத்திவிட்டு மாமா ஆரம்பித்தார். அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. தாராவோட அப்பா ஏன் தொலைந்தான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவன் தனி ஆளாகப் போனான், இந்தப் படகில் எட்டுப் பேர். அவனிடம் வயர்லெஸ் இல்லை, இங்கே இரண்டு இருக்கிறது, ஒன்று செத்தால் இன்னொன்று. அவன் நிலாவைப் பார்த்து வழி கண்டுபிடித்தான், இங்கே ஜிபிஎஸ். எஞ்சின் மூடியைத் திறந்து, நீ பிறந்தப்போ நின்னுபோனது இது இல்லை, அதை அன்றைக்கே கழற்றி எடைக்குப் போட்டாச்சு என்று காட்டினார். உதயா பெயின்ட் பிரஷ்ஷோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஜோதிகா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

மாமாவுக்கு வேகம் வந்துவிட்டது. அந்த ஆளுடைய கடைசி முட்டாள்தனத்தையும் சொன்னார்.

"மொத எபிசோடுல பாத்தியா? ஜாக்கெட்ட வூட்டு ஆணில மாட்டிட்டு போறான், சோமாரி. மெதக்கறதுக்கு ஒண்ணு வெச்சிகினு, அத்த வூட்ல வுட்டுட்டு போறவன் தொலையாம இன்னா பண்ணுவான்?"

ஜோதிகா படகைச் சுற்றிப் பார்த்தாள். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். டிரைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நம்மளுது எங்க கீது நைனா?"

எங்கே இருக்கிறது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தடைக்காலத்தில் படகைச் சோதிக்க அதிகாரிகள் வருவார்கள். அன்றைக்கு எட்டு ஜாக்கெட்டும் வரிசையாகக் கம்பியில் தொங்கும். அவர்கள் போனதும் மூட்டை கட்டி மாமா வீட்டுப் பரணுக்கு ஏறிவிடும். அதை மாட்டிக்கொண்டு வலை இழுக்க முடியாது, வேர்க்கும், இடத்தை அடைக்கும். எல்லாப் படகிலும் நூறு காரணம் சொல்வார்கள். ஏழு பரண்மேல் இருந்தது. எட்டாவதில்தான் ஜோதிகா தலை வைத்து இருபத்தாறு எபிசோடு பார்த்தாள்.

உதயா சிரிக்கப் போனான், மாமா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மாமா தண்ணீரில் துப்பினார். இந்தத் தடவை அது தொடருக்காக இல்லை.

சாயந்திரமே மூட்டை பரணிலிருந்து இறங்கியது. ஜோதிகா தன் தலையணையைக் கடைசியாகக் கொடுத்தாள். கொடுக்கும்போது, அதை அவர்தான் போட வேண்டும், வேறு யாருக்கும் தரக்கூடாது என்றாள். சரி என்றார். அரிசி டப்பாவின் அடியிலிருந்து அட்டை வந்தது.

தடை முடிந்து விடியற்காலையில் படகுகள் கிளம்பின. மேளம், கற்பூரம், கூட்டம். மாமா ஆரஞ்சு ஜாக்கெட்டோடு நின்றார். பக்கத்துப் படகுக்காரர்கள் பொம்மைப் படம் போகுது பார் என்று கத்தினார்கள். ஒருத்தன் கணவாய்ப் பாட்டையே பாடினான். மாமா நேராகப் பார்த்துக்கொண்டு போனார். என் மாமா அவ்வளவு கேவலப்பட்டு நின்று நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, எதற்கு என்று கேட்காதீர்கள்.

ஒன்பது நாளில் திரும்பினார். நல்ல மீன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஜோதிகா பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து மூக்கில் வைத்தாள்.

"நீ போடல."

போட்டேன், தினமும் போட்டேன் என்றார். அவள் அதை அவர் மூக்குக்குக் கொண்டுபோனாள். அதில் தேங்காய் எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. கல்யாண வீட்டையே கலங்கடித்த மூக்கு அது. தன் பொய்யின் நாற்றத்தைத் தானே மோந்துவிட்டு மாமா தலையைக் குனிந்தார். துறைமுகத்துக் கல் சுவரைத் தாண்டியதும் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டார் என்று உதயா பிறகு என்னிடம் சொன்னான்.

ஜோதிகா அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் அப்பாவோடு பேச்சு இல்லை. மூன்றாம் நாள் படகு கிளம்பும் நேரத்தில் கொடுத்தாள். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா படியிறங்கும்போது இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தார், அவள் வாசலுக்கு வரவில்லை.

இரண்டாவது தடவை பதினோரு நாள். நடுவில் கடல் கெட்டுப்போனது. திரும்பி வந்தவர் பையைத் திறக்கவே தேவையில்லாமல் போனது. அவர் இரண்டாவது மாடியில் ஏறும்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வியர்வை, டீசல், மீன் குடல், உப்பு, புகை, ஈரத் துணி, எல்லாம் சேர்ந்து பதினோரு நாள் ஊறிய நாற்றம். அத்தை மூக்கில் முந்தானையை வைத்தாள். எனக்குக் காலையில் தின்ற நாஸ்தா தொண்டைக்கு வந்தது.

ஜோதிகா மட்டும் கிட்டே போனாள். ஜாக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் வைத்து மூச்சை நன்றாக இழுத்தாள். இழுத்துவிட்டு இருமினாள்.

"ச்சீ. கலீஜ். கப்பு தாங்கல நைனா."

"நல்லா மோந்து பாரு," என்றார் மாமா. "எண்ண வாசன வருதா?"

"துளிகூட வரல."

அத்தை அதைப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போடப் போனாள். ஜோதிகா விடவில்லை. இப்படியே விட்டால் அடுத்த தடவை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று அத்தை கேட்டாள். துவைத்து, மறுபடி எண்ணெய் தேய்த்துப் படுத்துத் தருகிறேன், ஆனால் இன்றைக்கு வேண்டாம் என்றாள் ஜோதிகா. பால்கனிக் கம்பியில் அவளே கொண்டுபோய் மாட்டினாள். கீழ்வீட்டுத் தவசிமுத்து அண்ணன் அண்ணாந்து பார்த்து, என்னடா செத்துக் கிடக்குது மேலே என்று கேட்டார்.

"எங்க நைனா வந்துகீறாரு," என்றாள் ஜோதிகா.