வலி ஓவர்

ரேடியோவில் மியாவ் என்று கத்தும் வளர்ந்த மனிதர்களை நினைத்தாலே எனக்குக் குமட்டும். நங்கூரம் போட்டுக் கிடக்கும் கப்பல்களில் பொழுது போகாதவர்கள், ஆபத்தில் கூப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் சேனலில் பூனையாகிவிடுவார்கள். சிங்கப்பூரில், பூன் லேயிலிருந்து பஸ் பிடித்து, கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் படகுக் கம்பெனியில் உட்கார்ந்து, நாள் முழுக்க இதையெல்லாம் கேட்பதுதான் என் வேலை. ஆனாலும் அந்தப் பூனைகளை மன்னித்துவிடலாம்.

அன்று மத்தியானம், கடலில் நிற்கும் எங்கள் சரக்கு மிதவையான பார்ஜிலிருந்து ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டார். காலையிலிருந்தே அவருக்கு வயிற்று வலி. கையில் சின்ன ரேடியோ, நிற்பதோ தாழ்வான தளம். இந்த ரேடியோ அலை நேராகத்தான் வரும், வளைந்து வரத் தெரியாது. நடுவில் ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் மறைத்துக்கொண்டு நின்றது. ஒரே கரகரப்பு. கடைசியில் இரண்டு சொற்கள்தான் கரை சேர்ந்தன.

"...வலி ஓவர்."

மைக் எங்கள் சூப்பர்வைசரின் கையில் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். யாராவது லீவு கேட்டால் "ரொம்ப ஓவரா பண்றாங்க" என்று அலுத்துக்கொள்கிறவர்.

"வலி ஓவராம். போயிடுச்சு லா," என்று மைக்கை மாட்டினார்.

"சார், வலி அதிகமா இருக்குன்னு சொல்றாரு. திரும்பக் கேளுங்க."

"ரேடியோவில ஓவர்னா பேசி முடிச்சாச்சுன்னு அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் முடிஞ்சுது."

ஓவர் என்றால் 'இனி நீ பேசு' என்றும்தான் அர்த்தம் என்று தெரிந்தும், டீ குடிக்கக் கிளம்பினார். அந்த முதுகைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. மைக்கை எடுத்து, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த எங்கள் படகைக் கூப்பிட்டு, பார்ஜில் ஒரு எட்டு பார்க்கச் சொன்னேன்.

கயிற்றுச் சுருள் பக்கத்தில் சுருண்டு கிடந்தாராம், பதில் வரும் என்று ரேடியோவைக் காதில் வைத்தபடி. குடல்வால் வெடித்திருந்தது. ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள்.

மறுவாரம் தேக்கா சந்தைக் கடையில் சாப்பிடப் போனோம். சூப்பர்வைசர் தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே, "வலி ஓவர்னான், நான் ஓவர்னு நினைச்சிட்டேன் லா!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"சார், நீங்க பண்றது ரொம்ப ஓவர்," என்றேன்.

"ஓவரா? அப்ப இனி நான் பேசலாம்," என்று கண்ணடித்துவிட்டு, புதிதாக வந்து உட்கார்ந்தவருக்காகக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.