காலிக் கட்டத்தை விழுங்கிய வரி

"ஓட்டை வலையோட போனவன் திட்டக் கூடாது" என்பார் கத்திவாக்கத்துப் பெரியப்பா. மீனையா கடலையா, எதைத் திட்டக் கூடாது என்றார் என்பது மறந்துவிட்டது. கணினியில் பட்டியல் வரிகளை வெட்டிக் கட்டங்களாக்குவது எங்கள் பிழைப்பு. பெர்ல் என்ற கணினி மொழியின் பழைய நிரல்களோடு மாரடிக்கும் நண்பர்களே, உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கலாம். நடக்காதிருந்தால் நல்லது.

நாசர் பாயின் பட்டியல்

பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி, மணலிப் பக்கம் ஒரு ரசாயன ஆலையின் கணினிப் பிரிவில் சேர்ந்தேன். தொட்டிக்குள் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் மருத்துவப் பட்டியலைத் தட்டச்சு செய்பவர் வண்ணாரப்பேட்டை நாசர் பாய். ஆளுக்கு ஒரு வரி: முதலில் டோக்கன் எண், அடுத்து நுரையீரல், அடுத்து கண். தேறினால் 'சரி', இல்லையென்றால் 'கூடாது'. சோதனையே எடுக்காதவருக்கு அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுவார். ஒரு கோடாவது போடக் கூடாதா பாய் என்றேன்.

"பண்ணாத டெஸ்ட்டுக்கு நான் இன்னாத்த எழுத? காலியா கீதுன்னா காலிதான் மாமு."

பச்சை விளக்கு

நுரையீரல் கட்டத்தில் 'சரி' இருந்தால் தொட்டி வாசலில் பச்சை விளக்கு எரிய வேண்டும்; அதற்கான நிரல் என்னுடையது. பட்டியலைப் படிக்க, இடைவெளி கண்ட இடத்தில் வரியை வெட்டு என்று ஒரே ஒரு ஸ்ப்ளிட் கட்டளை எழுதினேன். அப்படி எழுதினால் பெர்லுக்கு ஒரு இடைவெளியும் இருபது இடைவெளியும் ஒன்றுதான். நடுவில் கட்டம் காலியாக இருந்தால் விழுங்கிவிட்டு, அடுத்ததை முன்னால் இழுத்துவிடும். உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஒப்பந்தத் தொழிலாளி ஏழுமலைக்கு நுரையீரல் சோதனை எடுக்கவில்லை. கண்ணுக்குக் கிடைத்த 'சரி' நுரையீரல் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. வாசலில் பச்சை விளக்கு எரிந்தது. உச்சிவேளையில் தொட்டிக்குள் சுருண்டு விழுந்தார். உயிர் இருக்கிறது, பத்தடி நடக்க ஆக்சிஜன் வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி கலா என்னைக் கேட்டாள்:

"கண்ணத்தானே பாத்தாங்கோ சார், மூச்ச யாரு பாத்தா?"

விசாரணை அறிக்கை

'நாசர் விவரத்தைப் பூர்த்தி செய்யத் தவறினார்' என்று மேலாளர் அறிக்கை தயார் செய்து வைத்திருந்தார். பாய்க்கு வேலை போகும், வழக்கும் வரும். கணினிப் பிரிவு சார்பில் நான் கையெழுத்துப் போட வேண்டும். தப்பு என் வரியில் இருக்கிறது என்றேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"பாய் எப்படியும் ரிட்டயர் ஆகப் போறவர். உங்களுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு சார், போட்டுட்டு டீ குடிக்க வாங்க."

காலிக் கட்டத்தைக் காலியாகவே படிக்கவும் பெர்லில் வழியுண்டு. நான் அதைத் தேடியது விபத்துக்கு மறுநாள்.

அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. என் நிரலின் அந்த ஒரு வரியை அச்செடுத்து, கீழே என் பெயரை எழுதி, அரசின் தொழிற்சாலை ஆய்வாளரிடம் கொடுத்தேன்.